அம்மன் வேண்டாம் என்று சொல்லவில்லை

இதை எழுத மூன்று வருஷம் தயங்கினேன். நோட்டு வாங்கினேன், முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி போட்டேன், மூடி அலமாரியில் வைத்துவிட்டேன். அந்த நோட்டில் என் மகள் மார்கழிக் கோலம் போட்டுப் பழகித் தீர்த்தாள். அடுத்த நோட்டு வாங்கவே ஒரு வருஷம் ஆனது. எட்டாம் வகுப்போடு நின்றவள் என்பதால் தயங்கினேன் என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அது காரணமில்லை. நான் எழுதவேண்டியது என்னுடைய பொறாமையைப் பற்றி. அதுவும் ஒரே சுவருக்கு அந்தப் பக்கம் குடியிருக்கிற என் ஓரகத்தி மேல் வைத்த பொறாமை. அவள் துவைக்கிற சத்தம் இப்போதுகூட எனக்குக் கேட்கிறது.

உத்திரமேரூரிலிருந்து பெருநகர் போகிற சாலையில் இறங்கி உள்ளே நடந்தால் எங்கள் ஊர். என் வீட்டுக்காரரும் அவர் தம்பியும் அப்பா விட்டுப்போன நிலத்தைப் பங்கு பிரித்து நெல் வைக்கிறார்கள். வீட்டையும் நடுவில் சுவர் எழுப்பி இரண்டாக்கிக்கொண்டோம். நான் மூத்த மருமகள். இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து வெள்ளிக்கிழமை தவறாமல் அம்மன் கோயிலுக்குப் பூவும் அரைத்த சந்தனமும் கொண்டுபோகிறவள். எங்கள் அம்மன் ஊருக்குச் சொந்தமான அம்மன். ஓடு போட்ட சின்னக் கோயில், பின்னால் கொஞ்சம் நிலம். விளக்கு பூஜை என்றால் பெண்களை உட்காரவைத்து முதல் போற்றி சொல்வது நான்தான். ஊரில் எனக்கு அந்த ஒரு இடம் இருந்தது.

ஓரகத்தி ராஜகுளத்துப் பெண். பன்னிரண்டாவது வரைக்கும் படித்தவள். அவள் ஊரில் வாசலிலேயே ஹைவே, கம்பெனி பஸ் வந்து நின்று ஆள் ஏற்றும். யாரிடமும் கூச்சமில்லாமல் பேசுவாள். வந்த மாதமே மாமியார் ரேஷன் கார்டையும் கரண்ட் அட்டையையும் அவள் கையில் கொடுத்துவிட்டார். நான் பத்து வருஷம் அதே வீட்டில் குனிந்து நிமிர்ந்தவள். "நீ பூவப் பார்த்துக்கோ, அவ பேப்பரப் பார்த்துக்கட்டும்" என்றார் மாமியார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. எனக்குத்தான் அது நெஞ்சில் முள்ளாக நின்றது. அவள் கோயிலுக்கு வருவது ஆடியில் கூழ் வார்க்கும்போதும் பொங்கலுக்கும் மட்டும். அப்போதும் கும்பிட்ட கையோடு கிளம்பிவிடுவாள்.

கொரோனாவுக்கு அப்புறம் உள்ளாட்சித் தேர்தல் வந்தபோது எங்கள் பஞ்சாயத்துத் தலைவர் பதவியைப் பெண்களுக்கு ஒதுக்கிவிட்டார்கள். ஊர்ப் பெரியவர்கள் கூடிப் பேசி, இந்தத் தரம் எங்கள் வகையறாவிலிருந்து ஒரு பெண் நிற்கட்டும் என்று முடிவு செய்தார்கள். என் மாமனாரின் அண்ணன், நாங்கள் பெரிய மாமா என்று கூப்பிடுகிறவர், நாலு பேரோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். என்னைத்தான் கேட்டார்.

எங்கள் பக்கத்தில் ஒரு பழக்கம் உண்டு. யார் எதைக் கொடுத்தாலும் எடுத்தவுடன் வாங்கிவிடமாட்டோம். காபி ஆனாலும் சரி, கல்யாண வீட்டில் கொடுக்கிற ரவிக்கைத் துணி ஆனாலும் சரி, வேண்டாம் என்று இரண்டு தரம் சொல்லிவிட்டு, மூன்றாம் தரம் கையில் திணித்தால்தான் வாங்குவோம். முதல் தரமே வாங்குகிறவளை அலைகிறவள் என்பார்கள். அந்தத் தலைவர் பதவி எனக்கு எவ்வளவு வேண்டியிருந்தது என்பது அம்மனுக்குத்தான் தெரியும். பெரிய மாமா கேட்டதும், எனக்கு எதுக்கு மாமா அதெல்லாம் என்றேன். யோசித்துச் சொல்லும்மா என்றார். வீட்டு வேலையே சரியாக இருக்கிறது, வேறு யாரையாவது பாருங்கள் என்றேன். மூன்றாம் தரத்துக்குக் காத்துக்கொண்டு முந்தானையைச் சரி செய்தேன்.

அந்த நேரம் பார்த்து ஓரகத்தி காபி கொண்டுவந்தாள். நான் போட்ட காபி. பெரிய மாமா அவளை நிமிர்ந்து பார்த்து, "நீ நிக்கிறியாம்மா?" என்றார்.

"நிக்கறேன் மாமா."

தட்டைக்கூட இன்னும் கீழே வைக்கவில்லை அவள்.

அவ்வளவுதான். அவள் நின்றாள், ஜெயித்தாள். மாலை போட்டு மேளம் அடித்துக் கூட்டிவந்தபோது நான்தான் ஆரத்தி எடுத்தேன். மூன்று சுற்று சுற்றியும் நிறுத்தாமல் தட்டைச் சுற்றிக்கொண்டே இருந்தேன். சந்தோஷத்தில் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

அதற்கப்புறம் நான் பட்டதை என்னவென்று சொல்வது? ஆபீசர் வண்டி வந்தால் எங்கள் வாசலைத் தாண்டி அவள் வாசலில் நிற்கும். பேன்ட் போட்ட ஆட்கள் 'மேடம் மேடம்' என்பார்கள். கிராம சபை என்றால் நடு நாற்காலி அவளுக்கு. நான் பெண்களோடு பெண்ணாகத் தரையில் உட்கார்ந்து கை தூக்கவேண்டும். அவள் கஞ்சி போட்டுத் தேய்த்த காட்டன் புடவை கட்டினால், அதேபோல ஒன்று வாங்கித்தரச் சொல்லி என் வீட்டுக்காரரைப் பிடுங்குவேன். வாங்கிக் கொடுத்தால் கட்டமாட்டேன். அவளைப் பார்த்துக் கட்டினேன் என்று சொல்லிவிடுவார்களே. "இன்னாமே உனக்குப் பிரச்சினை?" என்று அவர் கேட்பார். ஒன்றுமில்லை என்பேன். கட்சி மாறி மாறி ஆளுகிறது, வெள்ளத்தில் நெல் போனால் ஒருத்தரும் வந்து நஷ்டத்தைக் கட்டிக்கொடுப்பதில்லை, இவள் போய் அந்த நாற்காலியில் என்னத்தைக் கிழிக்கப்போகிறாள் என்று அவரிடம் அரசியல் பேசுவேன். அது அரசியலே இல்லை என்று அவருக்கும் தெரியும்.

நாட்டு நடப்பைப் பற்றி எனக்கும் ஒரு நினைப்பு இருக்கத்தான் செய்கிறது. உத்திரமேரூரில்தான் ஓட்டுப் பிறந்தது, கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள் என்று எல்லாக் கட்சிக்காரரும் மைக்கில் சொல்லுகிறார்கள். சந்தோஷம். ஓட்டுக்கு வரும்போது கோயிலில் விழுந்து கும்பிடுகிறார்கள். போனபிறகு கோயில் குளத்தில் செடி மண்டிக் கிடந்தாலும் எட்டிப் பார்ப்பதில்லை. ஒரு வருஷம் எங்கிருந்தோ பைக்கில் நாலு பேர் வந்து, உங்கள் சாமிக்கு ஆபத்து, கொடி கட்டுங்கள் என்றார்கள். இன்னொரு வருஷம் வேறே நாலு பேர் வந்து, சாமியே இல்லை, நோட்டீஸ் படியுங்கள் என்றார்கள். இரண்டு கூட்டத்துக்கும் நான் மோர் கொடுத்து அனுப்பினேன். எங்கள் அம்மனுக்கு வெளியாளால் ஒரு கெடுதலும் வராது என்று அப்போது நினைத்துக்கொண்டேன். அது சரியாகத்தான் போயிற்று. கெடுத்தது உள்ளாள்தான்.

என் மகள் ஷூ கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்தாள். விடியற்காலை வேன் வந்து கூட்டிப்போகும். அந்தச் சம்பளத்தில்தான் எங்கள் அடுப்பு தைரியமாக எரிந்தது. நெல் ஒரு போகம் பொய்த்தால் தாங்கிக்கொள்ள அது ஒன்றுதான் இருந்தது. திடீரென்று ஆர்டர் இல்லை, கூப்பிடும்போது வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். எங்கோ கடல் தாண்டி யாரோ ஷூ வாங்காமல் நிறுத்தினால் எங்கள் வீட்டில் பெண் சும்மா உட்காரவேண்டியிருக்கிறது. இதுதான் இந்தக் காலத்துப் பிழைப்பு. அங்கன்வாடியில் உதவியாளர் வேலை காலியாக இருக்கிறது என்று கேள்விப்பட்டு, வெட்கத்தை விட்டு ஓரகத்தியிடம் போய்க் கேட்டேன். அவள் முகத்தைக் கோணவில்லை. அது என் கையில் இல்லை, மேலே பட்டியல் போட்டு எடுப்பார்கள், மனு எழுதித் தருகிறேன் என்றாள். எழுதியும் தந்தாள். வேலை வரவில்லை.

அந்த வாரமே சுதந்திர தினத்துக் கிராம சபை. அதில் அவள் எழுந்து, ஏரிக்கால்வாய்க்கு அந்தண்டை இருக்கிற பன்னிரண்டு இருளர் வீடுகளுக்கு ரோடு போடவேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தாள்.

அந்த வீடுகளுக்கு ஒழுங்கான வழி கிடையாது. வரப்பில்தான் வரவேண்டும். மழைக்காலத்தில் வரப்பு முழுகிப் போகும். பிள்ளைகள் பையைத் தலையில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் வரும். ரோடு போடுவதானால் அம்மன் கோயில் நிலத்தின் ஓரத்தில் பத்தடி விடவேண்டும். ஊர் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டால் பணம் மேலிருந்து வரும் என்று அவள் விளக்கினாள். எனக்கு அது ஒன்றும் காதில் ஏறவில்லை. சொந்த வீட்டுப் பெண்ணுக்கு ஒரு வேலை வாங்கித்தர வக்கில்லை, கால்வாய்க்கு அந்தண்டைக்கு ரோடாம் என்றுதான் ஓடிக்கொண்டிருந்தது. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அந்தப் பன்னிரண்டு வீட்டில் ஒருத்தி என் நிலத்தில் களை எடுக்க வருகிறவள். என் வயதுதான். என்னை "யம்மா" என்பாள். அன்றைக்கு அவள் எழுந்து நின்று, என் கண்ணெதிரில், என் ஓரகத்தியைப் பார்த்து "தலைவரம்மா" என்று கையெடுத்துக் கும்பிட்டாள். எத்தனை வருஷம் அவளுக்குக் கஞ்சி ஊற்றியிருக்கிறேன். என்னை அவள் ஒருநாளும் அப்படிக் கும்பிட்டதில்லை.

பெரிய மாமாதான் ஆரம்பித்தார். அது அம்மா நிலம், அம்மாவைக் கேட்காமல் எப்படிக் கொடுப்பது என்றார். நாலைந்து பேர் அதைப் பிடித்துக்கொண்டார்கள். அவர்களுக்கு ரோடு அந்தப் பக்கம் போவதில் இஷ்டமில்லை. அதை வெளியில் சொல்லாமல் அம்மனைச் சொன்னார்கள். ஓரகத்தி கொஞ்சம் யோசித்துவிட்டு, சரி, அம்மாவையே கேட்டுவிடலாம் என்றாள். வருகிற வெள்ளிக்கிழமை பூக் கேட்பது என்று முடிவானது.

பூக் கேட்பது தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். இரண்டு பூவைத் தண்ணீரில் நனைத்து, அம்மன் சிலையின் வலது தோளில் ஒன்று, இடது தோளில் ஒன்று ஒட்டுவார்கள். முன்னால் ஒரு கட்டிக் கற்பூரம் ஏற்றுவார்கள். அது அணைவதற்குள் வலப்பக்கத்துப் பூ விழுந்தால் சம்மதம். இடப்பக்கத்துப் பூ விழுந்தால் வேண்டாம் என்று அர்த்தம். இரண்டும் விழாவிட்டால் இன்னொரு வெள்ளிக்கிழமை. எங்கள் ஊரில் பெண் கொடுப்பதும் வயலில் தண்ணீருக்குப் போர் போடுவதும் இப்படிக் கேட்டுத்தான். ஒருமுறை பதில் கிடைத்த விஷயத்தை மறுமுறை கேட்பதில்லை.

பூ என் பொறுப்பு. வீட்டுப் பின்னால் இருக்கிற செவ்வரளியில் இரண்டு பறித்தேன். வழக்கம்போல் சந்தனம் அரைத்தேன். என் கை தானாகச் செய்துவிட்டது என்று சொல்லமாட்டேன். யோசித்துத்தான் செய்தேன். இத்தனை வருஷம் பார்த்தவளுக்கு எந்தப் பூ எப்போது விழும் என்று தெரியாதா? ஒரு பூவின் காம்பில் சந்தனத்தைப் பசை மாதிரி கெட்டியாகத் தடவினேன். இன்னொன்றைத் தண்ணீரில் தொட்டும் தொடாமலும் எடுத்து உதறினேன். பூசாரிக்குக் கண் மங்கல். நான் எதைக் கொடுக்கிறேனோ அதை வாங்கி ஒட்டுவார். முதலில் வலது, அப்புறம் இடது. அம்மனுக்கு வேண்டும் என்றால் எப்படி ஒட்டினாலும் அவளே தள்ளிவிடுவாள், நான் யார் தடுக்க என்று வழியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டு போனேன்.

கோயில் முன்னால் ஊரே நின்றது. அந்தப் பன்னிரண்டு வீட்டுக்காரர்களும் வந்து, வழக்கம்போல எல்லோருக்கும் பின்னால் வேப்பமரத்தடியில் நின்றார்கள். சந்தனம் வைத்த பூவை முதலில் கொடுத்தேன். கற்பூரம் ஏற்றிப் போற்றி சொல்ல வாயெடுப்பதற்குள் இடப்பக்கத்துப் பூ விழுந்துவிட்டது. பூசாரி திரும்பி, அம்மாவுக்கு இஷ்டமில்லை என்றார். பெரிய மாமா கன்னத்தில் போட்டுக்கொண்டார். எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. மூன்றாம் தரம் கேட்காமல் போனார்களே, அந்த நாளுக்கு அப்புறம் அன்றுதான் என் நெஞ்சுப் பாரம் இறங்கியது. பொய் சொல்லவில்லை, அப்படித்தான் இருந்தது.

ஓரகத்தி வாதாடுவாள் என்று பார்த்தேன். அவள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, விழுந்து கும்பிட்டாள். எழுந்து என் பக்கத்தில் வந்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"கைய கயுவிக்கோங்கக்கா. சந்தனம் ஒட்டிக்கினு கீது."

சந்தனம் அரைக்கிறவள் கையில் சந்தனம் இருப்பது ஒன்றும் அதிசயமில்லை என்று நினைத்துக் கழுவிக்கொண்டேன்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. கால்வாய் வழிந்து வரப்பு மறைந்தது. களை எடுக்க வருகிறவள் ரேஷன் அரிசியைத் தலையில் வைத்துக்கொண்டு போகும்போது கால் வழுக்கிச் சேற்றில் விழுந்தாள். அந்த மாதத்து அரிசி மொத்தமும் வயலில் கரைந்தது. மறுநாள் முழங்கால் வீங்கி, நொண்டிக்கொண்டு என் வீட்டுப் பின்பக்கம் வந்து நின்றாள். அரிசி கேட்க வந்திருக்கிறாள் என்று நினைத்து முறத்தை எடுத்தேன். அவள் வேண்டாம் என்றாள்.

"அரிசிக்கு வரலம்மா. ஒண்ணு கேக்கணும். நீங்கதான் அம்மாகிட்ட எந்நேரமும் நிக்கிறவங்க. எங்க மேல அம்மாவுக்கு இன்னா கோவம்?"

எனக்குப் புரியவில்லை. அவளே சொன்னாள். பூ விழுந்த நாளிலிருந்து அவர்கள் யாரும் கோயில் முன்னால் நடப்பதில்லையாம். அம்மாவின் கண்ணில் பட்டால் இன்னும் கோபம் வருமோ என்று ஏரிக்கரையைச் சுற்றிக்கொண்டு வேலைக்கு வருகிறார்களாம். யார் செய்த குற்றம் என்று அவர்களுக்குள்ளேயே விசாரித்துப் பார்த்து, தெரியாமல், ஒரு வீட்டுக்காரரை விலக்கி வைத்திருக்கிறார்களாம். அவர் குடித்துவிட்டுக் கோயில் மரத்தடியில் படுத்தவர் என்று.

அப்போது சொல்லியிருக்கவேண்டும். நாக்கின் நுனிவரைக்கும் வந்தது. ஆனால் சுவருக்கு அந்தப் பக்கம் ஓரகத்தி யாரிடமோ போனில் பேசுகிற சத்தம் கேட்டது. சொன்னால் அவள் ஜெயித்துவிடுவாள் என்று தோன்றியது. அந்த நொண்டிக் காலைப் பார்த்துக்கொண்டே நான் சொன்னது இதுதான்: "ஒரு மண்டலம் வெளக்கு போடுங்க. சரியாயிடும்."

போட்டார்கள். நாற்பத்தெட்டு நாள், எண்ணெய் விற்கிற விலையில், வேலை இல்லாத மழைக்காலத்தில். கோயிலுக்கு வரப் பயந்து, கால்வாய்க் கரையிலேயே அம்மன் இருக்கிற திசையைப் பார்த்துப் பன்னிரண்டு அகல் வைத்தார்கள். விளக்கு வைக்கிற நேரத்தில் எங்கள் மாடியிலிருந்து பார்த்தால் தெரியும். நான் மாடிக்குத் துணி எடுக்கப் போவதை நிறுத்திவிட்டேன், மகளை அனுப்பினேன். வெள்ளிக்கிழமை அம்மன் முன்னால் முதல் போற்றியைப் பக்கத்தில் இருக்கிறவளைச் சொல்லவைத்தேன். சளி என்று சொன்னேன்.

மண்டலம் முடிந்த மறுநாள் ஓரகத்தி வீட்டுக்குப் போனேன். அவள் அடுப்படியில் புளி கரைத்துக்கொண்டிருந்தாள். உட்காராமல், நின்ற மேனிக்கு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் கையை எடுக்காமல் கேட்டுக்கொண்டாள்.

"அன்னைக்கே தெரியும்க்கா" என்றாள்.

அப்படியென்றால் ஏன் சொல்லவில்லை என்று, என்னவோ தப்புச் செய்தவள் அவள் மாதிரி, நான் கோபமாகக் கேட்டேன்.

"நான் சொன்னா இன்னா ஆவும்? ரோட்டுக்காகப் பெரியவள மாட்டிவுட்டாம்பாங்க. உங்கள அப்பால கோயில்ல சேப்பாங்களா? அதை நீங்கதான் சொல்லணும்னு வுட்டுட்டேன். சொல்வீங்கன்னு பாத்துக்கினு இருந்தேன்."

புளிக்கையோடு அவள் நின்ற அந்த நிலை இன்னும் கண்ணில் இருக்கிறது. திருந்திவிட்டேன், பொறாமை அன்றோடு போயிற்று என்று எழுதினால் படிக்கிறவர்களுக்கு நன்றாக இருக்கும். போகவில்லை. அவளுடைய அந்தப் பொறுமையைப் பார்த்து எனக்கு முன்னைவிடப் பொறாமையாக இருந்தது. நான் வருஷம் முழுக்க விளக்கேற்றியும் எனக்குக் கிடைக்காத ஒன்றை, ஆடிக்கும் பொங்கலுக்கும் மட்டும் கும்பிடுகிறவளுக்கு அம்மன் கொடுத்து வைத்திருக்கிறாள். இது என்ன நியாயம் என்று இன்றைக்கும் கேட்கிறேன்.

பெரிய மாமா வீட்டுக்கு நானும் என் வீட்டுக்காரரும் போனோம். நாலு பெரியவர்களும் இருந்தார்கள். சொன்னேன். என் வீட்டுக்காரருக்கே அதுவரை தெரியாது. அவர் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டார். அப்புறம் பத்து நாள் சாப்பிடும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

பெரிய மாமா, "உன் ஓரகத்தி சொல்லச் சொன்னாளா?" என்றார். இல்லை என்று அம்மன் மேல் ஆணையிட்டேன். அவர் சிரித்தார்.

"இன்னாம்மா நீ. அம்மா நெனச்சா, சந்தனம் இன்னா, சிமெண்ட்டு வச்சு ஒட்டினாலும் அந்தப் பூவு வுழுந்திருக்கும். வுழல. உன் கைய வச்சே அம்மா வேணான்னு சொல்லிட்டா. அத்தோட வுடு."

நான் வழியெல்லாம் எனக்குச் சொல்லிக்கொண்டு போன அதே பேச்சு. அவர் வாயில் கேட்டபோதுதான் எவ்வளவு அசிங்கமாக இருக்கிறது என்று தெரிந்தது. இன்னொரு தரம் கேட்கலாமே என்றேன். ஒரே விஷயத்தை இரண்டு தரம் கேட்பது அம்மாவை நம்பாதது மாதிரி என்றார். பூத்தட்டை வேறு ஒருத்தியிடம் கொடுத்துவிடச் சொன்னார். கொடுத்துவிட்டேன். களை எடுக்க வருகிறவளின் வீட்டுக்கு வரப்பில் நடந்தே போய் அவளிடமும் சொன்னேன். அவள் என் முகத்தையே பார்த்தாள். திட்டுவாள் என்று நின்றேன். அவர்கள் விலக்கி வைத்திருந்தவரை முதலில் கூப்பிட்டு உட்காரவைத்தாள். அப்புறம், "அப்போ அம்மாவுக்குக் கோவம் இல்லியா?" என்று ஒரே கேள்வி கேட்டாள். இல்லை என்றேன். அவள் உட்கார்ந்து அழுதாள். அதற்குப் பிறகு அவள் என் நிலத்துக்கு வேலைக்கு வருவதில்லை. அது அவள் உரிமை.

நான் சொன்னது ஊரில் பரவியது. எப்படிப் பரவியது என்பதுதான் என்னை இந்த நோட்டைத் திறக்கவைத்தது. என் மகளை ஷூ கம்பெனியில் மறுபடியும் கூப்பிட்டுக்கொண்டார்கள். ஆர்டர் வந்தது, கூப்பிட்டார்கள். தலைவரம்மா என் மகளுக்கு வேலை வாங்கிக்கொடுத்து என்னைப் பொய் சொல்லவைத்தாள் என்று அதைக் கோர்த்துவிட்டார்கள். கால்வாய்க்கு அந்தண்டைக்காரர்கள் எனக்கு வசிய மருந்து வைத்துவிட்டார்கள் என்று ஒரு பேச்சு. சென்ற வருஷம் உத்திரமேரூரிலிருந்து பெண்களுக்கான இலவச பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்த முன்பின் தெரியாத அம்மாள், எங்கள் ஊர்ப் பெயரைக் கேட்டதும் நெருங்கி உட்கார்ந்துகொண்டார்.

"உங்க ஊர்ல இன்னாமோ பூவு கேட்டாங்களாமே? அந்தப் பெரிய மருமவ பூவுல கைய வச்சதும் அம்மா கோவிச்சுக்கினு, அவளுக்கு வாயி கோணிக்கிச்சாம். இப்போ பேச்சே வரலியாம்."

நான் கோணாத வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். "அப்படியா?" என்றுகூடக் கேட்டேன். பிறகு அவரிடம் ரோட்டைப் பற்றி ஏதாவது தெரியுமா என்று விசாரித்தேன். எந்த ரோடு என்றார் அவர். கதையில் பூ இருந்தது, அம்மன் இருந்தாள், என் வாய் இருந்தது. பன்னிரண்டு வீடு இல்லை, ரோடு இல்லை.

ஓரகத்தியின் பதவிக்காலம் முடியப்போகிறது. அதற்குமுன் ஒரு கிராம சபை இருக்கிறது. அதில் அந்தத் தீர்மானத்தை இன்னொரு தரம் கொண்டுவரப்போகிறாள். பூக் கேட்கத் தேவையில்லை, ஊர்க்காரர் கை தூக்கினால் போதும் என்கிறாள். பெரிய மாமா பக்கத்து ஆட்கள், அம்மா வேண்டாமென்று சொன்னதற்குக் கை தூக்கமாட்டோம் என்கிறார்கள். எத்தனை கை ஏறும் என்று யாருக்கும் தெரியாது. என் கை ஏறும். அவள் பெயர் கல்வெட்டில் ஏறி அந்த ரோட்டோரம் நிற்கப்போவதை நினைத்தால் இப்போதுகூட எனக்குச் சுருக்கென்கிறது. ஏறட்டும்.

அதனால் இதைப் படிக்கிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இதை வாங்கிப் படித்தவர்கள் இன்னொருவருக்குப் படித்துக் காட்டுங்கள்; எங்கள் பக்கத்து ஊர்களில் சொந்தக்காரர் இருந்தால் அவர்களுக்கும் சொல்லுங்கள். ஆனால் எழுதியிருக்கிறபடியே சொல்லுங்கள். என் மேல் இரக்கப்பட்டுப் பொறாமையைக் குறைத்துவிடாதீர்கள். அம்மன் தண்டித்தாள் என்று எனக்கு ஒரு வியாதியைக் கூட்டாதீர்கள். எனக்கு ஒரு வியாதியும் இல்லை. ஓரகத்தியைச் சாமியாக்காதீர்கள், அவள் புளி கரைக்கிற சாதாரணப் பெண். எந்தப் பூவில் யார் சந்தனம் வைத்தது, எதற்காக வைத்தது என்பதை மட்டும் விட்டுவிடாமல் சொல்லுங்கள். நம்புவதும் நம்பாததும் கேட்கிறவர் பாடு. இந்த மழைக்கும் அவர்கள் வரப்பில்தான் நடக்கிறார்கள்.